வாசல் பக்கம், குழாய் பக்கம்

எங்கள் தெரு சலூன்காரர் இருபத்திரண்டு வருஷமாக ரக்பி பார்க்கிறார். அதில் ஒரு ஆட்டத்தைக்கூட அவர் நேராகப் பார்த்ததில்லை.

தொழில் அப்படி. கடை ரயில் பெட்டி போல நீளம். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, அதன் முன்னால் இரண்டு சுழல் நாற்காலிகள். எதிர்ச் சுவரில், கூரையை ஒட்டி, டிவி. கையில் சவரக்கத்தியும் கத்திக்குக் கீழே அடுத்தவர் தொண்டையும் இருக்கும்போது திரும்பி நின்று டிவி பார்ப்பது வியாபாரத்துக்கு நல்லதில்லை. எனவே அவர் கண்ணாடிக்குள்ளேயே பார்த்துக்கொள்வார். வீரர்களின் முதுகு எண்ணும் மூலையில் ஓடும் ஸ்கோரும் அவருக்கு இடம் வலமாகப் புரண்டுதான் தெரியும். பழகிப் பழகி அதுவே சரியென்று ஆகிவிட்டது. நேராக எழுதிய பன்னிரண்டைக் கண்டால் அச்சுப்பிழை என்பார் என்று அவர் மனைவி சொல்வாள். வீட்டு டிவியின் முன்னால் உட்கார்ந்தால் ஐந்தாம் நிமிஷம் கொட்டாவி, பத்தாம் நிமிஷம் குறட்டை. நேரான படம் அவருக்கு ஏறுவதே இல்லை.

ரக்பியிலும் அவர் பார்ப்பது செவன்ஸ் மட்டும்தான். பக்கத்துக்கு ஏழு பேர். ஏழு நிமிஷம் ஆட்டம், இரண்டு நிமிஷம் மூச்சு வாங்கல், மறுபடி ஏழு நிமிஷம். முட்டை வடிவப் பந்தை அணைத்துக்கொண்டு ஓடி, எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டித் தரையில் ஊன்றினால் ஐந்து புள்ளி. அதற்கு ட்ரை என்று பெயர். அப்புறம் பந்தை இரண்டு கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் இன்னும் இரண்டு. மொத்தத்தில் ஒரு முடிவெட்டுக்கு ஒரு ஆட்டம், ஒரு சவரத்துக்குப் பாதி ஆட்டம். சலூன்காரரைக் கேட்டுத்தான் இந்த விளையாட்டைக் கண்டுபிடித்திருப்பார்களோ என்று தோன்றும்.

சர்வதேசப் போட்டி நடக்கும் சனி, ஞாயிறுகளில் கடையில் காலை வைக்க இடம் இருக்காது. மொட்டைத் தலைக்காரர்கள்கூட முடிவெட்ட வருவார்கள். கண்ணாடிச் சுவரின் கோடியில் ஒரு பெஞ்சு கிடக்கும். அதில் உட்கார்ந்தவர்களுக்கு டிவி நேர் எதிரே. நாற்காலியில் இருப்பவர்களுக்கோ கண்ணாடிதான் கதி. ஆரம்ப வருஷங்களில் இதனால் தினம் ஒரு போர் நடந்தது.

"இடது ஓரமா போனான் பாரு, மின்னல்!" என்று நாற்காலியிலிருந்து ஒரு குரல் வரும்.

"யோவ், வலது ஓரம்யா. கண்ணுல சோப்பு போயிடுச்சா?" என்று பெஞ்சு எகிறும்.

"சோப்பு எனக்கில்ல, உன் மூளைக்குத்தான் போடணும்!"

ஒரு நாள் இந்தச் சண்டையில் தண்ணீர் தெளிக்கும் பாட்டில் பறந்தது. அப்போது நாற்காலியில் சர்வேயர் இருந்தார். நில அளவைத் துறையில் முப்பது வருஷம், ஊர் ஊராகச் சங்கிலி இழுத்தவர். இரண்டு பங்காளிகளுக்கு நடுவே நின்று, ஒரு விரற்கடை இந்தப் பக்கம், ஒரு விரற்கடை அந்தப் பக்கம் என்று தீர்ப்புச் சொல்லி, இரண்டு வீட்டிலும் காப்பி குடித்துவிட்டு வருகிற சாமர்த்தியம் அவருக்கு உண்டு. பாதி முகத்தில் நுரையோடு எழுந்து நின்றார்.

"இடமும் வலமும் ஆளுக்கு ஆள் மாறும்யா. அளக்கணும்னா அசையாத புள்ளி ரெண்டு வேணும். இந்தக் கடையில அசையாதது எது? ஒரு பக்கம் வாசல். இன்னொரு பக்கம் கை கழுவுற குழாய். இனிமே எல்லாரும் வாசல் பக்கம், குழாய் பக்கம்னு சொல்லுங்க. நீ உக்காரு, நீயும் உக்காரு. மிச்ச முகத்தை யாராவது செரைங்க."

அன்றோடு போர் நின்றது. டிவியை நேராகப் பார்த்தாலும் சரி, கண்ணாடியில் பார்த்தாலும் சரி, வாசல் பக்கம் வாசல் பக்கம்தானே. அதற்கப்புறம் அந்தக் கடையில் இடது, வலது என்று வாய் தவறிச் சொன்னவரைப் புது ஆள் என்று எல்லோரும் இரக்கத்தோடு பார்ப்பார்கள்.

பிறகு சர்வேயருக்குக் கண்ணில் அழுத்தம் கூடியது. மூன்று வருஷத்தில் ஓரங்கள் இருண்டன, பிறகு நடுவும் போனது. ஆனாலும் போட்டி நாட்களில் தடியைத் தட்டிக்கொண்டு வந்துவிடுவார். இரண்டாவது நாற்காலி அவருக்கு. சலூன்காரர் கத்தரியை ஓட்டியபடி சொல்லச் சொல்ல அவர் கேட்பார். சும்மா கேட்கிற ஆளா?

"குழாய் பக்கம் போறான் சார், போறான்..."

"எங்கேர்ந்து? கோட்டுக்கு எத்தனை மீட்டர்?"

"ஒரு இருபது இருக்கும்."

"இருக்கும்னா? இருக்கா, இல்லியா?"

"பத்தொம்பது சார்."

"அப்படிச் சொல்லு."

பெஞ்சு வயிறு வலிக்கச் சிரிக்கும். சலூன்காரருக்கு மட்டும் அந்த நாற்காலிக்குச் சொல்வது ஒரு பொறுப்பு. ஒரு தலை வேலை முடிந்தால் கண்ணாடியைக் காட்டிச் சரிதானே என்று கேட்பாரே, அந்த மாதிரி.

போன வருஷ இறுதி ஆட்டத்தில்தான் கோணல் ஆனது. பச்சைச் சட்டை நம் அணி, வெள்ளைச் சட்டை தீவுக்காரர்கள். அன்று காலைதான் கண் ஆஸ்பத்திரியில், இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சர்வேயரை அனுப்பியிருந்தார்கள். கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தி, முகத்தை ஏந்திக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்ததைச் சலூன்காரர் கண்ணாடியில் பார்த்தார். பச்சைக்குப் பன்னிரண்டு, வெள்ளைக்குப் பதினேழு, ஆட்டம் முடிந்தது.

"என்னப்பா ஆச்சு? சொல்லு."

"ஜெயிச்சுட்டோம் சார்! கடைசி செகண்டுல ஒரு ட்ரை, உதையும் உள்ள! பத்தொம்பது பதினேழு!"

சொல்லிவிட்டுக் கண்ணாடி வழியாகப் பெஞ்சைப் பார்த்துக் கண்ணடித்தார். பெஞ்சு ஒரு நொடி திகைத்தது, பிறகு கைதட்டியது. கூட்டமாகச் செய்யும் பொய்யில் ஒரு உற்சாகம் இருக்கிறது பாருங்கள், விசில்கூட அடித்தார்கள். சர்வேயர் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

மூன்றாம் நாள் தபால்காரர் அவர் வீட்டுக்கு ஒரு கடிதம் கொண்டுபோனார். தபால்காரர் நல்ல மனுஷர்தான். பெஞ்சின் பழைய உறுப்பினர், அந்த ஒரு ஞாயிறு மட்டும் கடைக்கு வரவில்லை. "தோத்தாலும் நம்ம பசங்க நல்லா ஆடினாங்க, இல்ல சார்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

சர்வேயர் கடைக்கு வந்தார். உள்ளே ஏறவில்லை, வாசலிலேயே நின்றார்.

"அந்தக் கடைசி ட்ரை வாசல் பக்கமா, குழாய் பக்கமா?"

கத்தரிச் சத்தம் நின்றது.

"எனக்குப் போனது கண்ணு மட்டும்தான்னு நெனச்சேன். ஸ்கோரையும் நீ எடுத்துக்கிட்டியா?"

தடி தட்டும் சத்தம் தெருக்கோடிவரை கேட்டது. அதோடு எட்டு மாதம் அவர் வரவில்லை. ஆனால் வேறு கடைக்கும் போகவில்லை. சலூன்காரர் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கொம்பு அதுதான். தபால்காரர், தான் செய்த காரியத்துக்குப் பிராயச்சித்தமாக, வாரா வாரம் வானிலை அறிக்கை மாதிரி வந்து சொல்வார்.

"முடி காதை மூடிடுச்சு அண்ணே."

"சரி."

"காலருக்கு வந்துடுச்சு."

"ம்."

"நேத்து பின்னாலேர்ந்து பாத்து, யாரோ அம்மான்னு நெனச்சு வழி விட்டேன்."

சலூன்காரர் சிரிக்கவில்லை. வேறொருவர் தலைக்கு ஒட்ட வெட்டும்படி கேட்டபோது ஓரத்தை இரண்டு முறை தப்பாக எடுத்தார்.

இந்த வருஷம் போட்டி நம் ஊர் மைதானத்துக்கே வந்தது. பதினாறு நாட்டு அணிகள், மூன்று நாள். பெஞ்சு மொத்தமும் டிக்கெட் எடுத்தது. சலூன்காரர் மட்டும் கடையில் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, எத்தனை நாளைக்கு இப்படிக் குழாயைத் தேச்சுக்கிட்டே இருப்பீங்க? அது தேஞ்சு ஊசி ஆயிடும்" என்றாள் மனைவி. "போய்ப் பேசுங்க. மிஞ்சிப்போனா திட்டுவார். அவர் திட்டினா அதுலயும் அளவு இருக்கும்."

சர்வேயரும் அவர் தங்கையும் இருப்பது மூன்றாம் மாடியில். கதவைத் தங்கைதான் திறந்தார். "வாங்கண்ணே" என்று வாயும், இத்தனை நாள் எங்கே போனீர்கள் என்று கண்ணும் சொல்லின. உள்ளே ஜன்னலோரம் சர்வேயர், தோளில் புரளும் வெள்ளை முடி, மடியில் ரேடியோ.

"யாரு?"

"நான்தான் சார்."

"நான்தான்னு பேர் வெச்சவங்க இந்த ஊர்ல நிறைய பேர்."

"சலூன்."

ரேடியோவில் அரையிறுதி பற்றி யாரோ இருவர் வாதம் செய்துகொண்டிருந்தார்கள். சர்வேயர் அதன் சத்தத்தைக் குறைக்கவில்லை.

"சார், நாளைக்கு ஃபைனல். நம்ம பசங்களும் தீவுக்காரங்களும் மறுபடி மோதுறாங்க. வாங்களேன், கூட்டிட்டுப் போறேன்."

"அவ்வளவு கூட்டத்துல படியேற என்னால முடியாது. தவிர, ரேடியோ இருக்கு. அது என்னைப் பாத்துப் பரிதாபப்படாது."

"அப்போ நான் அங்கேர்ந்து போன்ல சொல்றேன். ஒரே ஒரு மேட்ச்."

சர்வேயர் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினார். பள்ளிக்கூடப் பெண் மாதிரி இருந்தது. தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார்.

"சரி. ஒரு காதுல ரேடியோ, ஒரு காதுல நீ. ஒரு வார்த்தை நீ மாத்திச் சொன்னேன்னு தெரிஞ்சா அங்கேயே வெச்சுடுவேன். அப்புறம் நீ யாரோ, நான் யாரோ. இந்த முடி தரையைத் தொட்டாலும் உன் கத்தரி இதுக்குக் கிடையாது."

"சரி சார்."

"ஜெயிச்சாலும் தோத்தாலும்."

"ஜெயிச்சாலும் தோத்தாலும் சார்."

ஞாயிறு மத்தியானம் மைதானத்தில் வெயில் சாய்ந்திருந்தது. ஒரு பக்கம் தபால்காரர், மறுபக்கம் மனைவி, நடுவில் சலூன்காரர், காதில் இயர்போன். நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக அசையாத புள்ளிகளைத் தேடினார். இடது கோடியில் வெளியே போகும் பெரிய கேட் இருந்தது. வலது கோடியில் குடிதண்ணீர்த் தொட்டி, அதில் வரிசையாகப் பித்தளைக் குழாய்கள். சொல்லிவைத்த மாதிரி.

"சார், கேட்டுதான் வாசல். தண்ணித் தொட்டிதான் குழாய்."

"சரி, ஆரம்பி" என்றது போன். பின்னணியில் ரேடியோக்காரரின் குரல் குதித்துக்கொண்டிருந்தது.

விசில் ஊதியது. வெள்ளைச் சட்டை ஒருவன் பந்தோடு பறந்தான்.

"வாசல் பக்கம் சார்! வாசல்... இல்ல, குழாய்... இருங்க..."

"எதுய்யா?"

"குழாய் பக்கம். இல்ல, அவன் திரும்பிட்டான்..."

"ரேடியோக்காரன் ட்ரையும் சொல்லி, உதைச்சதும் சொல்லி, தண்ணியும் குடிச்சுட்டான். ஏழு பூஜ்யம். நீ இன்னும் வாசல்லயே நிக்கறே."

சலூன்காரருக்கு வியர்த்தது. இருபத்திரண்டு வருஷமாக அவருக்கு வாசல் வலது கைப் பக்கம். இங்கே இடது. கண் ஒன்று பார்க்க, நாக்கு இன்னொன்று சொல்லியது. முதுகில் இருக்கும் எண்கள் வேறு நேராக இருந்து தொலைத்தன, ஒருவனையும் அடையாளம் தெரியவில்லை. தலை கிறுகிறுத்தது. கொட்டாவிகூட ஒன்று எட்டிப் பார்த்தது.

"இன்னொரு தடவை தடுமாறினா வெச்சுடுவேன்" என்றது போன். "தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்றதும் பொய்தான்."

மனைவி பையைத் திறந்து, துண்டில் சுற்றியிருந்த எதையோ எடுத்து அவர் மடியில் போட்டாள். கடையில் பின்னந்தலையைக் காட்டப் பயன்படுத்தும் வட்டக் கண்ணாடி, சாப்பாட்டுத் தட்டு அளவு.

"திரும்பி உக்காருங்க."

"இவ்வளவு கூட்டத்துலயா?"

"அவர் தலையில இருக்கற முடியைவிடவா இந்தக் கூட்டம் ஜாஸ்தி? திரும்புங்க."

அவர் நாற்காலியில் முழங்காலிட்டு, மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். கண்ணாடியைத் தோளுக்கு மேல் சாய்த்துப் பிடித்தார். அப்பாடா! கேட் வலது கைக்கு வந்தது. எண்கள் புரண்டு ஒழுங்காயின. உலகம் மறுபடி தன் இடத்தில் உட்கார்ந்தது. ஒரே சங்கடம், மேல் வரிசையில் சோளப்பொரி தின்றுகொண்டிருந்த மீசைக்காரர் ஒருவரோடு மூக்கும் மூக்கும் உரசும் தூரத்தில் முகத்துக்கு முகம் இருக்க வேண்டியதாயிற்று. மீசைக்காரர் பொரியை மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"நம்ம பதினொண்ணாம் நம்பர் சார், வாசல் பக்கம். கோட்டுக்கு முப்பது. இருபத்தஞ்சு. ஒருத்தன் காலைப் பிடிக்கறான், உதறிட்டான். பத்து. விழுந்தான், ட்ரை! கம்பத்துலேர்ந்து எட்டு மீட்டர் வாசல் பக்கமா."

போன் குறுக்கிட்டது. "எட்டா?"

"எட்டரை சார்."

"ம். மேல சொல்லு."

உதையும் உள்ளே போனது. ஏழுக்கு ஏழு. பிறகு வெள்ளை இன்னொரு ட்ரை போட்டது, அந்த உதை கம்பத்துக்கு வெளியே போனது. பன்னிரண்டுக்கு ஏழு. ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. இடைவேளை விசிலில் திடீரென்று மைதானமே சிரித்தது, பல்லாயிரம் வாய்கள்.

"என்ன சத்தம் அது?" என்றார் சர்வேயர்.

சலூன்காரர் கண்ணாடியைச் சற்று உயர்த்தினார். மைதானத்தின் பெரிய திரையில், வீட்டுக் கூரை அளவுக்கு, அவருடைய முதுகும் அவர் கையில் கண்ணாடியும் மீசைக்காரரின் திறந்த வாயும் தெரிந்தன. யாரோ தொப்பியைப் பறக்கவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"என்னைப் பாத்துத்தான் சார் சிரிக்கறாங்க."

"ஏன்?"

"ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி, கடைக் கண்ணாடியில பாத்துக்கிட்டிருக்கேன். பெரிய டிவியில போட்டுட்டாங்க."

போனில் ஒரு விநோதமான சத்தம் கேட்டது. எட்டு மாதமாகப் பூட்டிக் கிடந்த அலமாரியைத் திறக்கிற மாதிரி. சர்வேயர் சிரிக்கிறார் என்று புரியச் சலூன்காரருக்குச் சற்று நேரம் பிடித்தது.

"ரேடியோக்காரன் யாரோ ரசிகர் கோமாளித்தனம் பண்றார்னான். நீதானா அது?"

இரண்டாம் பாதியில் பச்சை ஒரு ட்ரை போட்டு உதையும் போட்டது. பதினாலுக்குப் பன்னிரண்டு, நாம் மேலே. தபால்காரர் எழுந்து ஆடியதில் மீசைக்காரரின் பொரி முழுக்கச் சலூன்காரர் தலையில் கொட்டியது. அவர் தட்டிவிடவில்லை, தட்ட நேரமில்லை. உடனே வெள்ளை திருப்பிக் கொடுத்தது, ட்ரையும் உதையும். பத்தொன்பதுக்குப் பதினாலு. நேரம் முடிந்ததற்கான சங்கு ஊதியது. ஆனால் பந்து வெளியே போகும்வரை ஆட்டம் ஓடும். பந்து பச்சையிடம்.

"கடைசிப் பந்து சார். நடுவுல இருக்கு. குழாய் பக்கம் கொடுத்தான். பதினொண்ணு வாங்கினான். நாப்பது மீட்டர். முப்பது. எதிர்ல ஒருத்தன், ஓரமா விலகி ஓடறான். பதினஞ்சு. ஓரக்கோட்டை ஒட்டியே போறான். பத்து..."

அவர்கள் உட்கார்ந்திருந்தது கடைசிக் கோட்டுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய மூலை. ஓட்டக்காரன் கண்ணாடிக்குள் பெரிதாகிக்கொண்டே நேரே அவரிடம் வந்தான். பாய்ந்தான். பந்தைத் தரையில் ஊன்றினான். மைதானம் வெடித்தது. தபால்காரர், சலூன்காரர் மனைவியின் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கூத்தாடினார். போன் வழியாக ரேடியோக்காரரின் தொண்டை கிழிந்தது: "ட்ரை! ட்ரை! சமம்! பச்சை சமன் செய்துவிட்டது!"

சலூன்காரர் மட்டும் பாய்வதற்கு ஒரு எட்டு முன்னால் கண்ணாடியில் பார்த்திருந்தார். ஓரக்கோட்டின் மேல் ஒரு பூட்ஸ். மிதித்தால் பந்து வெளியே போனதாகக் கணக்கு, ட்ரை செல்லாது.

நடுவர் இரண்டு கைகளாலும் காற்றில் ஒரு சதுரம் வரைந்தார். வீடியோவைப் பார்த்துச் சொல்லட்டும் என்று அர்த்தம். மைதானம் அதையும் கொண்டாடியது.

"சொல்லு" என்றார் சர்வேயர்.

சுற்றிலும் அத்தனை பேர் சமம் என்கிறார்கள். ரேடியோவும் அதையே சொல்கிறது. அவரும் ஆமாம் என்று சொன்னால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. பிறகு மாறினால் நடுவர் தலையில் போட்டுவிடலாம். போன வருஷம்போல் கண்ணடிக்கக்கூடத் தேவையில்லை.

"இல்ல சார்" என்றார். "கோட்டை மிதிச்சுட்டான். தோத்துட்டோம்."

டக் என்று ஒரு சத்தம். ரேடியோக்காரரின் கூச்சல் நின்றுபோனது. காதில் ஒன்றுமே இல்லை. வைத்துவிட்டார். சலூன்காரர் கண்ணாடியைத் தாழ்த்தினார். முழங்கால் வலித்தது.

"சார்?" என்றார் சும்மா, காற்றைப் பார்த்து.

"இருக்கேன்யா. ரேடியோவைத்தான் அணைச்சேன். ரொம்பக் கத்தறான்." குரல் நிதானமாக வந்தது. "எத்தனை விரல் மிதிச்சான்?"

"ரெண்டு விரல் சார். பெருவிரல் பக்கமா."

"ரெண்டு விரல்னா அது வெளியதான். என் சர்வீஸ்ல அரை விரலுக்கு ஒரு மாட்டுக்கொட்டகையையே நகத்தியிருக்கேன்."

அப்போதுதான் பெரிய திரையில் அந்தப் பூட்ஸ் மெதுவாக, யானைக்கால் அளவுக்கு, கோட்டில் இறங்கியது. நடுவர் கையை அசைத்தார். மைதானம் ஊ என்று இறங்கியது. மீசைக்காரர் சலூன்காரரின் தலையிலிருந்து ஒரு பொரியை எடுத்து, யோசித்துவிட்டு, வாயில் போட்டுக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலை கடை திறந்து தண்ணீர் தெளிக்கும் நேரம். தடி தட்டும் சத்தம் வந்தது. பெஞ்சில் இருந்த தபால்காரர் தபால் பையால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"பையை இறக்கு. உன் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே சர்வேயர் இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தார். "வெட்டு."

சலூன்காரர் துணியை உதறிப் போர்த்தினார். எட்டு மாத முடி. கத்தரி தயங்கித் தயங்கி ஆரம்பித்து, பிறகு தன் பழைய வேகத்துக்கு வந்தது. தரையில் வெள்ளையாகக் குவிந்தது. நடுவே தீவுக்காரர்களின் இரண்டாவது ட்ரையைப் பற்றிப் பேச்சு வந்தது. தடுத்திருக்கலாம் என்றார் ஒருவர். நீ போய்த் தடுத்திருக்க வேண்டியதுதானே என்றார் இன்னொருவர். தபால்காரர் ஞாபக மறதியில் "வலது பக்கம்" என்று சொல்லிவிட்டு எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

வேலை முடிந்ததும் சலூன்காரர் பழக்க தோஷத்தில் அந்த வட்டக் கண்ணாடியை எடுத்து சர்வேயரின் பின்னந்தலைக்குப் பிடித்தார். பிடித்த பிறகுதான் உறைத்தது. கை அப்படியே நின்றது.

சர்வேயர் கண்ணாடி இருக்கும் பக்கமாகவே முகத்தை நிமிர்த்தி வைத்திருந்தார்.

"என்ன, பிடிச்சிருக்கியா? எப்படி இருக்கு பின்னாடி?"

சலூன்காரர் குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"வாசல் பக்கம் ஒரு நூல் கூடுதலா இருக்கு சார்."

"எடு."